டிவிஆர் ஹார்டு டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டு 500 ஜிபியிலிருந்து 4 டிபிக்கு மாற்ற முடியுமா?

12 ஜூன் 2025, இரவு 10:40

கும்பகோணத்தில் மாமாவின் பாத்திரக் கடை. எட்டு கேமரா, எட்டு சேனல் டிவிஆர் (கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி), உள்ளே 500 ஜிபி ஹார்டு டிஸ்க். மாட்டி நான்கு வருடம் ஆகப்போகிறது. ஆறு நாள் ரெக்கார்டிங்தான் நிற்கிறது, அதை முப்பது நாளாக்க வேண்டும். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று கேள்விப்பட்டேன். என் யோசனை இதுதான்: பழைய டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டி, புது 4 டிபி டிஸ்க்குக்கு அப்படியே குளோன் எடுத்து, புதுசை டிவிஆரில் போட்டுவிடுவது. பழைய பதிவும் போகாது, இடமும் எட்டு மடங்கு. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

அவசரம் ஏன் என்றால், 3ஆம் தேதி கடைக்கு வந்த ஒரு அம்மா இன்று மறுபடி வந்தார். 18,000 ரூபாய் இருந்த சுருக்குப்பையை அன்றைக்கு இங்கேதான் விட்டேன் என்கிறார். அவருக்குப் பாத்திரம் எடுத்துக் காட்டியது கடைப் பையன், பத்தொன்பது வயது. யாரும் அவனை நேராக எதுவும் கேட்கவில்லை. ஆனால் மத்தியானம் கொண்டுவந்த சாப்பாட்டை அவன் திறக்கவே இல்லை. கேமராவில் பார்த்துவிடலாம் என்றால், ஆறு நாளுக்கு முந்தியது இருக்காது என்று மாமா சொல்லிவிட்டார்.

12 ஜூன், இரவு 11:55

எத்தனை ஜிபிக்கு எத்தனை நாள் என்று கணக்கு கேட்டவருக்கு. ஒரு கேமரா 1 எம்பிபிஎஸ் (நொடிக்குப் பத்து லட்சம் பிட்) வேகத்தில் நாள் முழுக்கப் பதிவானால் 10.8 ஜிபி பிடிக்கும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்தால் போதும். எங்கள் டிவிஆரில் ஒவ்வொரு கேமராவுக்கும் 1024 கேபிபிஎஸ், அதாவது ஏறக்குறைய 1 எம்பிபிஎஸ், வைத்திருக்கிறது. எட்டுக்கும் சேர்த்து நாளுக்கு ஏறக்குறைய 88 ஜிபி. 500 ஜிபிக்கு ஐந்தரை நாளைக்குச் சற்று மேல். மாமா சொன்ன ஆறு நாள் சரிதான். 4 டிபி போட்டால் நாற்பத்தைந்து நாள் நிற்கும். முப்பது போதும் என்றால் படத்தின் தரத்தையும் கூட்டிக்கொள்ளலாம்.

13 ஜூன், காலை 8:10

பையன் இன்று வேலைக்கு வரவில்லை.

13 ஜூன், பிற்பகல் 1:30

நேற்று நான் எழுதியதில் பாதி தப்பு. குளோன் எடுத்தால் இடம் பெரிதாகும் என்று நினைத்தது தப்பு. டிஸ்க்கை டிவிஆருக்குத் தயார் செய்யக் கம்ப்யூட்டர் தேவையே இல்லை.

சிசிடிவி டிவிஆரின் மென்பொருள் போர்டில் இருக்கும் சிப்பில்தான் இருக்கிறது. டிஸ்க் இல்லாமலேயே பெட்டி எழுந்து படம் காட்டும். டிஸ்க் வெறும் பத்தாயம். புதுசைப் போட்டால் மெனுவில் ஃபார்மேட் கேட்கும், ஒரு நிமிடத்தில் தானே செய்துகொள்ளும். மாறாகப் பழையதைக் குளோன் எடுத்துப் போட்டால், டிஸ்க்கின் தலைப்பகுதியில் பழைய கொள்ளளவே எழுதியிருக்கும். 4 டிபியைப் போட்டும் 500 ஜிபி என்றே காட்டலாம், இல்லையென்றால் ஃபார்மேட் பண்ணு என்று நிற்கும்.

அப்படியானால் கம்ப்யூட்டரில் போட்டுத்தான் மாற்ற வேண்டும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? தேடியதில் பிடிபட்டது டிவோ. அமெரிக்காவில் 1999இல் வந்த, டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி. அதன் லினக்ஸ் மென்பொருளே ஹார்டு டிஸ்க்கில்தான் இருந்தது. வெற்று டிஸ்க்கைப் போட்டால் அந்தப் பெட்டி எழுந்திருக்காது. அதனால் அங்குள்ளவர்கள் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டி, எம்எஃப்எஸ் டூல்ஸ், பின்னாளில் வின்எம்எஃப்எஸ் என்ற மென்பொருள்களைக் கொண்டு நகலெடுத்து, மிச்ச இடத்தையும் சேர்த்து விரித்தார்கள். பழைய மாடல்களில் 137 ஜிபிக்கு மேல் பெட்டிக்குக் கண் தெரியாது என்ற தொல்லை வேறு. அது அந்தப் பெட்டிக்கு உரிய வைத்தியம். அதை எடுத்து சிசிடிவி பெட்டிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

13 ஜூன், மாலை 4:45

இங்கே ஒருவர், "நாள்காட்டியில் நிஜமாகவே பார்த்தீர்களா, இல்லை ஆறு நாள்தான் என்று வாயால் சொன்னீர்களா?" என்று கேட்டார். அவருக்கு என் நன்றி. யாருமே பார்க்கவில்லை! இப்போது பிளேபேக் போய்ப் பார்த்தால், 3ஆம் தேதிக்கு அடியில் குறி இருக்கிறது. பதிவு இருக்கிறது!

கணக்கு உதைக்கிறதே, ஐந்தரை நாள் கொள்ளும் டிஸ்க்கில் பத்தாவது நாள் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். 5ஆம் தேதியிலிருந்து காலக்கோடு முழுக்க ஓட்டை. இரண்டு மணி நேரம் பதிவு, ஐந்து மணி நேரம் வெறுமை. டிஸ்க் நடுநடுவே கழன்று போயிருக்கிறது. பதிவு குறைந்ததால் பழசின் மேல் எழுத நேரம் ஆகியிருக்கிறது. டிஸ்க் கெட்டால் பீப் அடிக்க வேண்டும். அந்த பீப்பை யாரோ எப்போதோ மெனுவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

3ஆம் தேதி முற்பகலை ஓட்டினால் 11 மணிக்குப் பக்கத்தில் படம் உறைந்து நின்றுவிடுகிறது. இரண்டு முறை முயன்றேன். மூன்றாவது முறை முயலாமல் ரெக்கார்டிங்கை நிறுத்தி, முறைப்படி ஷட்டவுன் செய்து, டிஸ்க்கைக் கழற்றிவிட்டேன். ஒரு நிமிடம் ஓடவிட்டாலும் அந்த நாள் அழியலாம்.

13 ஜூன், இரவு 9:20

கழற்றியதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், செய்யப்போகிறவர்களுக்கு உதவும். பெட்டியின் பக்கவாட்டிலும் பின்னாலும் சின்ன ஸ்டார் ஸ்க்ரூ. மேல்தகடு பின்பக்கமாக நகர்ந்து வரும், தூக்க வேண்டாம். உள்ளே நாலு வருடத் தூசி, கோலமாவு மாதிரி படிந்திருந்தது. டிஸ்க்கைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூவும் அடியில் இருக்கின்றன. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கழற்றினால் கடைசி ஸ்க்ரூ வரும்போது டிஸ்க் தொப்பென்று போர்டு மேல் விழும். ஒரு கையை உள்ளே கொடுத்துத் தாங்கிக்கொண்டே கழற்றுங்கள்.

வீட்டு டெஸ்க்டாப்பில் சாட்டா கேபிளில் மாட்டினேன். விண்டோஸ் எழுந்ததும், டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யட்டுமா, எம்பிஆரா ஜிபிடியா என்று ஒரு பெட்டி வரும். கேன்சல். அதில் ஓகே அழுத்தினால் டிஸ்க்கின் முதல் பகுதியில் விண்டோஸ் தன் எழுத்தை எழுதிவிடும். டிவிஆர் தன் அடையாளத்தை வைத்திருப்பதும் அந்தத் தலைமாட்டில்தான். தாஹுவா கம்பெனி டிவிஆர் எழுதிய டிஸ்க்கில் முதல் வரியிலேயே டிஎச்எஃப்எஸ் 4.1 என்று இருக்கும். ஹிக்விஷன் வகையில் அடுத்த செக்டரில் (டிஸ்க்கின் சிறு துண்டு) கம்பெனிப் பெயரும் ஊர்ப் பெயரும் இருக்கும். விண்டோஸுக்கு இரண்டும் புரியாது. புரியாததை அது காலி டிஸ்க் என்றே நினைத்துக்கொள்கிறது.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தேன். மஞ்சள் நிறம், காஷன், அதாவது எச்சரிக்கை. ஓடிய நேரம் 33,900 மணி. சி5 என்ற வரியில், அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள், பி8 என்று இருந்தது. அந்தக் கட்டம் பதினாறின் அடிமானத்தில் காட்டும், எனவே 184. டிஸ்க் மேல் இருந்த லேபிளைப் பார்த்தால் சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க். இரவு பகலாக நான்கு வருடம் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. பாவம்.

14 ஜூன், காலை 10:00

புது 4 டிபி நேற்றே வாங்கியாகிவிட்டது. சிசிடிவிக்கு என்றே வரும் வகை, ஊதா லேபிள். வாங்கியதும் டிவிஆரில் போடவில்லை. கம்ப்யூட்டரில் போட்டு, குயிக் ஃபார்மேட் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுத்தேன். விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸ் முழு ஃபார்மேட்டில் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும், ஆகவே ஒவ்வொரு மூலையும் சோதிக்கப்பட்டுவிடும். எட்டு மணி நேரம் ஆனது. அதற்கு முன்னும் பின்னும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைப் பார்த்தேன். ஓடிய நேரம் 0 என்று தொடங்கி 8இல் நின்றது. சி5 பூஜ்யம். 3726 ஜிபி என்று காட்டியது. அது சரி, 4 டிபி கம்ப்யூட்டர் கணக்கில் அவ்வளவுதான்.

பழைய யுஎஸ்பி கேடியில் (டிஸ்க்கைச் செருகிக் கம்ப்யூட்டரில் மாட்டும் வெளிப்பெட்டி) போட்டுப் பார்க்கிறவர்கள் கவனிக்க: 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று காட்டினால் டிஸ்க் போலி என்று சண்டைக்குப் போக வேண்டாம். 2.2 டிபி தாண்டி எண்ணத் தெரியாத கேடி அது. பழைய டிவிஆர்களுக்கும் இதே எல்லை உண்டு. டிஸ்க் வாங்கும் முன்னால், ஒரு சாட்டாவுக்கு எத்தனை டிபி வரை என்று டிவிஆரின் விவரத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது 6 டிபி வரை.

15 ஜூன், அதிகாலை 1:15

நகல் ஓடிக்கொண்டிருக்கிறது, தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் எதற்கு வேண்டும் என்றால் இதற்குத்தான். பென் டிரைவிலிருந்து உபுண்டு லினக்ஸ் ஏற்றி டிடிரெஸ்க்யூ என்ற நகல் மென்பொருளை ஓட்டுகிறேன். சாதாரண நகல் மென்பொருள் படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இது அப்படி இல்லை. நன்றாகப் படிக்கக்கூடிய இடத்தையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும், கெட்ட இடத்தைத் தாண்டிப் போய்க் கடைசியில் திரும்பி வரும். எது எடுத்தாயிற்று, எது பாக்கி என்று ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

கட்டளையில் பழைய டிஸ்க் முதலில், போய்ச் சேரும் இடம் இரண்டாவது. மாறிப்போனால் காலி டிஸ்க் பழசின் மேல் ஏறிவிடும். டிஸ்க்கின் பெயரை நம்பாமல் அளவைப் பார்த்து, தாளில் எழுதி, இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு எண்டர் அடித்தேன். டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நேராக எடுக்காமல், 4 டிபிக்குள் ஒரே பெரிய கோப்பாக எடுக்கிறேன். அப்போது மூலப்பிரதி என்று ஒன்று கையில் இருக்கும்.

முதல் சுற்று நான்கு மணி நேரத்தில் முடிந்தது. இப்போது கெட்ட இடங்களைச் சுரண்டுகிறது. நிமிடத்துக்கு ஒரு முறை டிஸ்க் கிர்ர்… டக் என்கிறது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு அந்தப் பையன் முகம்தான்.

15 ஜூன், காலை 7:30

முடிந்தது. 500 ஜிபியில் 11 எம்பி மட்டும் கிடைக்கவில்லை.

16 ஜூன், இரவு 8:50

அந்தக் கோப்பை இன்னொரு 500 ஜிபி டிஸ்க்கில் எழுதி, அதை டிவிஆரில் போட்டேன். அளவு அதேதான் இருக்க வேண்டும் என்று அத்தான் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய டிஸ்க். போடும் முன் எட்டு கேமரா பிஎன்சி ஒயரையும் பிடுங்கிவிட்டேன், பெட்டி எழுந்ததும் புதிதாக எதையும் எழுதிவிடக் கூடாது. டிவிஆர் ஃபார்மேட் கேட்கவில்லை. நாள்காட்டி வந்தது. எல்லா மாடலும் இப்படி ஏற்றுக்கொள்ளும் என்று சொல்ல மாட்டேன், எங்களுடையது ஏற்றுக்கொண்டது.

பில் நேரம் 11:20. அந்த நேரத்தில் தேடினால் அந்த அம்மாவே இல்லை. வயிற்றைக் கலக்கிவிட்டது. பிறகு மாமாதான், "டிவிஆர் மணியைப் பாருடா, நம்ம கடிகாரத்தோட ஒத்துப்போகுதா?" என்றார். டிவிஆர் கடிகாரம் பதினான்கு நிமிடம் முன்னால் ஓடுகிறது. 11:34க்குப் போனேன்.

கல்லா மேலே இருக்கும் மூன்றாம் கேமரா. அந்த அம்மா பணம் கொடுக்கிறார், மிச்சத்தை வாங்கிச் சுருக்குப்பையில் போடுகிறார், கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுகிறார், கட்டைப்பைக்குள் தவலைக்குப் பக்கத்தில் செருகுகிறார். அதற்கப்புறம் சில நொடி படம் கட்டம் கட்டமாக உடைகிறது, அந்த 11 எம்பியில் இது ஒரு துண்டு போலும். மறுபடி படம் வரும்போது அவர் வாசற்படி இறங்குகிறார், கட்டைப்பை கையில் இருக்கிறது. பையன் அந்த நேரம் முழுக்க ஏழாம் கேமராவில், பரணில் அண்டா அடுக்கிக்கொண்டிருக்கிறான். ஏழாம் கேமராவில் உடைசல் எதுவும் இல்லை.

17 ஜூன், மாலை 6:00

அந்த அம்மா வந்து இரண்டு முறை பார்த்தார். அழுதார். அங்கிருந்து மினி பஸ்ஸில் போனதாகச் சொல்கிறார். பணம் கிடைக்கவில்லை. மாமா சுவாமிமலைக்குப் பையன் வீட்டுக்குப் போய், அவன் அம்மா முன்னால், "நாளைக்கு வந்துடுப்பா" என்று கூப்பிட்டுவிட்டு வந்தார்.

17 ஜூன், இரவு 10:30

கேட்டிருந்தார்கள்: இதுவே போலீஸ் புகார் ஆகியிருந்தால்? அப்போது நான் டிஸ்க்கைத் தொட்டிருக்கக் கூடாது, இப்போது யோசிக்கும்போது அது உறைக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் (புதிய சாட்சியச் சட்டம்), மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்புக்குக் கைரேகை மாதிரியான எண்) எழுத வேண்டும். விவகாரம் கோர்ட் வரை போகும் என்று தோன்றினால் பெட்டியை அணைத்து அப்படியே வைத்துவிட்டு, தெரிந்தவர்களிடம் ஒப்படைப்பதுதான் முறை.

18 ஜூன், பிற்பகல் 3:00

4 டிபி மாட்டியாகிவிட்டது, ஆனால் ஒரு தடங்கலோடு. ஆன் செய்ததும் டிஸ்க் சுழலத் தொடங்கும், டக், பெட்டி ரீஸ்டார்ட். மறுபடி சுழலும், டக். புது டிஸ்க்கில் கோளாறோ என்று பதறிவிட்டேன். கம்ப்யூட்டரில் போட்டால் நன்றாக இருக்கிறது. குற்றவாளி அடாப்டர். 12 வோல்ட் 2 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. சுழலத் தொடங்கும் அந்த சில நொடி டிஸ்க் மட்டுமே ஒன்றரை, இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். நாலு வருட வெயிலில் தளர்ந்த அடாப்டருக்கு அது தாங்கவில்லை. 12 வோல்ட் 4 ஆம்பியர் போட்டதும் சரியாகிவிட்டது. வோல்ட் மாறக் கூடாது, ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம். பழைய டிஸ்க் நடுநடுவே கழன்றதில் இந்த அடாப்டருக்கும் பங்கு இருந்திருக்கும் என்று இப்போது சந்தேகம். 13ஆம் தேதி எல்லாப் பழியையும் டிஸ்க் மேலேயே போட்டுவிட்டேன்.

அமைப்புகள்: படத்தைச் சுருக்கும் முறை எச்.264 இலிருந்து எச்.265, கேமராவுக்கு 1536 கேபிபிஎஸ். நாளுக்கு 133 ஜிபி, முப்பது நாள். மோஷன் ரெக்கார்டிங் (அசைவு இருந்தால் மட்டும் பதிவு) வைத்தால் இன்னும் நீளும், ஆனால் மின்விசிறிக் காற்றில் ஆடும் விலைச்சீட்டெல்லாம் மோஷன் என்று பதிவாகும் கடையில் அதற்குப் பெரிய பலன் இல்லை. டிஸ்க் எரர் பீப்பை ஆன் செய்தேன். கடிகாரத்தை நேரம் பார்த்து வைத்தேன்.

20 ஜூன், இரவு 9:45

பக்கத்து வளையல் கடைக்காரர் கூப்பிட்டார். அவரிடம் இருப்பது 2 டிபி, நான்கே கேமரா, ஆனாலும் ஏழு நாள்தான் நிற்கிறதாம், டிஸ்க் மாற்ற வேண்டுமா என்றார். மெனுவில் போய்ப் பார்த்தேன். பதிவு எத்தனை நாளில் காலாவதி என்று ஒரு கட்டம் உண்டு, அதில் 7 என்று இருந்தது. பூஜ்யமாக்கினேன், வேலை முடிந்தது. டிஸ்க் நிறைய இடம் இருந்தும் பெட்டி தானாக அழித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இதைப் பார்த்ததும் சாத்தான்குளம் நினைவுக்கு வந்தது. 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் இது இருக்கிறது: 1 டிபி டிஸ்க்கில் போதுமான இடம் இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். அந்த வருடம் டிசம்பரில், இன்னொரு வழக்கில், காவல் நிலையப் பதிவுகளைப் பதினெட்டு மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எட்டு நாளாக டிபி, ஜிபி என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். மெனுக் கட்டம் ஒன்றில் ஓர் எண்ணை மாற்றினால் அத்தனையும் இல்லாமல் போகும் என்பதை வளையல் கடையில் நின்றுகொண்டு யோசித்தபோது உடம்பு சில்லிட்டது.

27 ஜூன், காலை 11:20

செகண்ட் ஹேண்ட் டிஸ்க் பாதி விலையில் கிடைக்கிறது, வாங்கலாமா என்பவருக்கு. என் பதில் வேண்டாம். ஓடிய நேரத்தைப் பூஜ்யமாக்கி, புது லேபிள் ஒட்டி விற்பது நடக்கிறது. சீகேட் டிஸ்க் என்றால் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவு உள்ளே உண்டு, ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் புதிய பதிப்பில் அதைப் படிக்கலாம். மேலே 12 மணி நேரம் என்று காட்டி, ஃபார்மில் 20,000 என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அத்தான் வீட்டு டிஸ்க்கை நான் போட்டது படம் பார்க்க மட்டும்தான், இரண்டு நாளில் கழற்றியாகிவிட்டது.

19 ஜூலை 2025, இரவு 9:00

நேற்றோடு முப்பது நாள் ஆனது, நாள்காட்டியில் ஓட்டை இல்லை. இன்று முதல் பழசின் மேல் எழுதத் தொடங்கியிருக்கிறது, ஜூன் 18 காலைப் பதிவு இப்போது இல்லை.

பையன் திரும்பி வந்தது முதல் டிவிஆர் அவன் பொறுப்பு. அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். திங்கட்கிழமை கடை திறந்ததும் ஏதாவது ஒரு கேமரா, ஏதாவது ஒரு நாள், ஏதாவது ஒரு மணி என்று எடுத்து ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறான். பார்த்ததைக் கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக் கம்பியில் குத்துகிறான். இந்தத் திங்கள் தாளில் இருந்தது: "கேமரா 5, இரவு படம் நடுங்குது." போய்ப் பார்த்தால் பிஎன்சி முனையில் பச்சையாகத் துரு. இன்று மாற்றியாகிவிட்டது.